அதிகாரங்களை எண்ணுவது எப்படி: பைபிள் மென்பொருளில் தேடலும் அதன் பொறிகளும்

"பைபிளின் நட்டநடு அதிகாரம் சங்கீதம் 118. அதற்கு முன்னால் 594 அதிகாரங்கள், பின்னால் 594 அதிகாரங்கள். இரண்டையும் கூட்டினால் 1188. நட்டநடு வசனமும் சங்கீதம் 118:8." இப்படி ஒரு செய்தி பல ஆண்டுகளாகக் கைமாறி வருகிறது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கையில் பைபிள் மென்பொருள் இருக்கும் யாரும் ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம், சரிபார்த்தால் நிற்காது.

66 புத்தகங்கள் கொண்ட பைபிளில் 1189 அதிகாரங்கள். பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260. 1189 ஒற்றைப்படை எண் என்பதால் நடுவில் ஒரே ஓர் அதிகாரம்தான் இருக்க முடியும்: 595ஆவது. ஆதியாகமத்திலிருந்து யோபு வரை 478 அதிகாரங்கள். 595-இலிருந்து 478-ஐக் கழித்தால் 117. ஆக நடு அதிகாரம் சங்கீதம் 117. சங்கீதம் 118-க்கு முன்னால் இருப்பவை 595, பின்னால் இருப்பவை 593. கூட்டுத்தொகை 1188 என்பது மட்டும் சரி. எந்த ஓர் அதிகாரத்தை எடுத்துவிட்டாலும் மீதி 1188தானே. நடு வசனத்தின் கதையும் இதுதான். ஆங்கில கிங் ஜேம்ஸ் பதிப்பில் 31,102 வசனங்கள். அது இரட்டைப்படை எண். எனவே தனியாக ஒரு நடு வசனம் கிடையாது, இரண்டு உண்டு. அவை சங்கீதம் 103-இன் முதல் இரண்டு வசனங்கள்.

யோபு வரை 478 என்பதை விரல்விட்டு எண்ண வேண்டியதில்லை. தேடல் எல்லையை ஆதியாகமம் முதல் யோபு வரை என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அதிகாரத்திலும் ஒரே ஒருமுறை மட்டும் வரும் ஏதாவது ஒன்றைத் தேடினால் போதும். அப்படி ஒன்று எல்லா அதிகாரத்திலும் இருக்கிறது: முதல் வசனம்.

முதல் வசனத்தைத் தேடுவது

பெரும்பாலான மென்பொருள்கள் வசனம்தோறும் ஒரு வரி என்ற கணக்கில்தான் பைபிளைச் சேமிக்கின்றன. இ-ஸ்வார்ட், மைஸ்வார்ட் என்ற பைபிள் மென்பொருள்களின் கோப்புகளைத் திறந்தால் உள்ளே எஸ்கியூலைட் (SQLite) தரவுத்தளம், அதாவது தகவலை அட்டவணைகளாகச் சேமிக்கும் கோப்பு, இருக்கும். அதில் பைபிள் என்ற அட்டவணை. புத்தக எண், அதிகார எண், வசன எண், வசனத்தின் உரை என்று நான்கு நெடுவரிசைகள். புத்தக எண் 1 ஆதியாகமம், 40 மத்தேயு, 66 வெளிப்படுத்தின விசேஷம். எஸ்கியூலைட் கோப்புகளைக் காட்டும் இலவசச் செயலி எதில் வேண்டுமானாலும் இதைத் திறக்கலாம். மூலக் கோப்பைத் தொடாமல் நகல் எடுத்துத் திறக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். பூட்டப்பட்ட மாட்யூல்கள் (மென்பொருளில் சேர்க்கும் பைபிள் கோப்புகள்) திறக்காது. அவற்றுக்கு மென்பொருளின் சொந்தத் தேடல்தான் வழி.

வசன எண் நெடுவரிசையில் வடிகட்டியை 1 என்று வைத்தால் எத்தனை வரிகள் மிஞ்சுகின்றனவோ அத்தனை அதிகாரங்கள். முழு பைபிளுக்கு 1189 வர வேண்டும். புத்தக எண் 40-க்குக் கீழே என்று சேர்த்தால் 929. 40-உம் அதற்கு மேலும் என்றால் 260.

இந்த ஒரு வழியோடு நிற்காமல் இன்னும் இரண்டு வழிகளில் எண்ணிப் பார்ப்பது நல்லது. மூன்று விடையும் ஒன்றாக இருந்தால்தான் அந்த மாட்யூலை நம்பலாம். இரண்டாவது வழி: புத்தகமும் அதிகாரமும் சேர்ந்த இணைகளில் தனித்தனியானவை எத்தனை என்று எண்ணுவது. மூன்றாவது: ஒவ்வொரு புத்தகத்திலும் வரும் மிகப் பெரிய அதிகார எண்ணை எடுத்து எல்லாவற்றையும் கூட்டுவது. முதல் வழியின் விடை இரண்டாவதைவிடக் குறைந்தால், எங்கோ முதல் வசனம் தனி வரியாக இல்லை என்று பொருள். நவீன மொழிபெயர்ப்புகளில் இரண்டு மூன்று வசனங்களைச் சேர்த்து 1-2 என்று அச்சிடுவதுண்டு. மாட்யூல் செய்தவர் அதை 2 என்ற வரியில் போட்டிருக்கலாம். மூன்றாவது வழியின் விடை இரண்டாவதைவிடக் கூடினால், நடுவில் ஓர் அதிகாரமே விடுபட்டிருக்கிறது, அல்லது யாரோ அதிகார எண்ணைத் தவறாக அடித்திருக்கிறார்கள்.

இணைகளை எண்ணும்போது பலர் புத்தக எண்ணை 100-ஆல் பெருக்கி அதிகார எண்ணைக் கூட்டி ஒரே எண்ணாக்கிவிடுவார்கள். இது பார்வைக்குச் சரியாகத் தெரியும் பிழை. சங்கீதம் 19ஆவது புத்தகம். 19-ஐ 100-ஆல் பெருக்கி 119-ஐக் கூட்டினால் 2019. நீதிமொழிகள் 20ஆவது புத்தகம். அதன் 19ஆவது அதிகாரமும் 2019தான். இப்படிச் சங்கீதம் 101 முதல் 131 வரை உள்ள 31 அதிகாரங்களும் நீதிமொழிகளின் 31 அதிகாரங்களோடு மோதி மறைந்துவிடும். விடை 1158 என்று வரும். 1000-ஆல் பெருக்கினால் இந்தத் தொல்லை இல்லை. மைபைபிள் செயலியின் கோப்புகளில் புத்தக எண்கள் 10, 20 என்று பத்துப்பத்தாகப் போகும், மத்தேயு 470, வெளிப்படுத்தின விசேஷம் 730. அதிலும் 1000-ஆல் பெருக்கினால் குழப்பம் வராது.

தி வேர்ட் மென்பொருளின் கோப்பு வேறு வகை. அது வெறும் உரைக்கோப்பு. வரிக்கு ஒரு வசனமாக 31,102 வரிகள். பழைய ஏற்பாட்டுக்கு 23,145, புதிய ஏற்பாட்டுக்கு 7,957. உள்ளே அதிகார எண்ணும் இல்லை, வசன எண்ணும் இல்லை. எத்தனையாவது வரி என்பதை வைத்துத்தான் மென்பொருள் இடத்தைக் கண்டுகொள்கிறது. இல்லாத வசனத்துக்கு வெற்று வரி விட்டிருப்பார்கள். "சுத்தம் செய்கிறேன்" என்று அந்த வெற்று வரிகளை நீக்கினால் அதற்குப் பின்னால் வரும் எல்லா வசனமும் ஒரு படி நகர்ந்துவிடும். இந்தக் கோப்பில் அதிகாரங்களை எண்ண நினைப்பவர் முதலில் மென்பொருள் வழியாக வசனக் குறிப்போடு ஏற்றுமதி செய்துகொள்ள வேண்டும்.

ஏற்றுமதி செய்த உரையில் முதல் வசனங்களைப் பிடிப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வெறுமனே `:1` என்று தேடினால் 10, 11, 119 எல்லாம் வந்து சேரும். குறிப்பு தனி நெடுவரிசையில் இருந்தால் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளின் அமைப்பைக் குறிகளால் சொல்லித் தேடும் முறை) தேடலில் `:1$` என்று கொடுக்க வேண்டும். அதாவது 1 என்பதோடு குறிப்பு முடிந்துவிட வேண்டும். எக்செல் போன்ற விரிதாளில் திறப்பவர்கள் அதற்கும் முன்னால் அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று அமைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் 3:16 என்பதை விரிதாள் மணிக்கணக்காக எடுத்துக்கொள்ளும், 1-2 என்பதைத் தேதியாக்கிவிடும். மாறிய பிறகு மீட்பது கடினம். மறுபடி ஏற்றுமதி செய்வதே எளிது.

நவீன பதிப்புகளில் சில வசனங்கள் உரையில் இருக்காது. மத்தேயு 17:21, மாற்கு 9:44, யோவான் 5:4, அப்போஸ்தலர் 8:37 போன்றவை அடிக்குறிப்புக்குப் போயிருக்கும். வசன எண்ணிக்கையை இது குலைக்கும். அதிகார எண்ணிக்கையைத் தொடாது, ஏனென்றால் இவற்றில் எதுவும் முதல் வசனம் அல்ல. அந்த வகையில் அதிகாரக் கணக்கு வசனக் கணக்கைவிட உறுதியானது.

எந்தப் பகுப்பு?

இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பகுப்பு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராயர் ஸ்டீபன் லாங்டன் செய்ததாகக் கருதப்படுகிறது. மூல ஆசிரியர்கள் போட்டதல்ல. அதனால் மரபுக்கு மரபு வேறுபாடு உண்டு, மென்பொருளும் அதைப் பின்பற்றும்.

எபிரெய பைபிளில் யோவேலுக்கு 4 அதிகாரங்கள், மல்கியாவுக்கு 3. தமிழ், ஆங்கிலப் பதிப்புகளில் யோவேல் 3, மல்கியா 4. ஒன்று கூட, ஒன்று குறைய, இரண்டிலும் மொத்தம் 929 என்றே வரும்! மொத்தம் ஒத்துப்போகிறது என்பதற்காகப் புத்தகவாரியான கணக்கும் ஒத்துப்போகும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடச் சரியான எடுத்துக்காட்டு இல்லை. பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் சங்கீதம் 9-உம் 10-உம் ஒன்று, 114-உம் 115-உம் ஒன்று. ஆனால் 116-உம் 147-உம் இரண்டிரண்டாகப் பிரியும். அதிலும் கடைசியில் 150தான், கூடவே 151ஆவது சங்கீதம் ஒன்று தனியாக. கத்தோலிக்கப் பதிப்பில் தானியேலுக்கு 14 அதிகாரங்கள். எரேமியாவின் கடிதம் சில பதிப்புகளில் தனிப் புத்தகம், சிலவற்றில் பாரூக்கின் 6ஆவது அதிகாரம்.

கிராஸ்வயர் அமைப்பின் ஸ்வார்ட் என்ற நிரல் நூலகத்தை வைத்து ஓடும் செயலிகள் ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஒரு பகுப்பு முறையைக் குறித்து வைக்கின்றன: கிங் ஜேம்ஸ் (ஆங்கிலம்), லெனின்கிராட் (எபிரெயம்), வல்காதா (லத்தீன்), சினோதல் (ரஷ்யன்) என்று பல. மாட்யூலின் விவரப் பக்கத்தில் அது எந்தப் பகுப்பு என்று பார்த்துவிட்டு எண்ண வேண்டும். இன்னொன்று, இடதுபக்கம் தெரியும் புத்தகப் பட்டியலை விரித்து அதிகாரங்களை எண்ணாதீர்கள். அது பகுப்பு முறையின் சட்டகம், உரையல்ல. சட்டகத்தில் இடம் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

ஒரு சொல் எத்தனை அதிகாரங்களில்?

ஆய்வுக்கு உண்மையில் உதவுவது இந்தக் கேள்விதான். இங்கேதான் மூன்று எண்கள் கலந்துவிடுகின்றன: சொல் எத்தனை முறை வருகிறது, எத்தனை வசனங்களில் வருகிறது, எத்தனை அதிகாரங்களில் வருகிறது. தேடல் முடிவின் தலைப்பில் மென்பொருள் காட்டுவது பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்று. சங்கீதம் 136-இல் 26 வசனங்கள். இருபத்தாறிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று வருகிறது. வசனக் கணக்கில் 26, அதிகாரக் கணக்கில் 1. ஒரு கருத்து பைபிளில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்ல வந்தவர் 26-ஐ எடுத்துக்கொண்டால் படமே மாறிவிடும்.

அதிகாரக் கணக்கை எடுக்கும் வழி எளிது. தேடல் முடிவை வசனக் குறிப்புகளோடு விரிதாளில் ஒட்டுங்கள். குறிப்பில் முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பதை மட்டும் வெட்டி அடுத்த நெடுவரிசையில் வையுங்கள்: "சங்கீதம் 136:4" என்பது "சங்கீதம் 136" ஆகிவிடும். பிறகு அந்த நெடுவரிசையில் இரட்டிப்புகளை நீக்கினால் மிஞ்சுவதே விடை. பிவட் டேபிள் (ஒரே மதிப்புள்ள வரிகளைத் தொகுத்து எண்ணும் விரிதாள் வசதி) போட்டால் எந்த அதிகாரத்தில் எத்தனை வசனம் என்பதும் சேர்ந்தே கிடைக்கும். அது இன்னும் மேல். ஒட்டுவதற்கு முன்னால் முடிவுகள் முழுவதும் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சில செயலிகள் குறிப்பிட்ட எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளும், கீழே "மேலும்" என்ற பொத்தான் இருக்கும்.

உங்கள் முறை சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க ஒரு நல்ல சொல் சேலா, சங்கீதங்களின் இடையிடையே வரும் எபிரெயக் குறிப்புச் சொல். எபிரெயத்தில் இது சங்கீதங்களில் 71 முறை வருகிறது, 39 சங்கீதங்களில். ஆபகூக் 3-இல் இன்னும் 3 முறை. மொத்தம் 74 முறை, 40 அதிகாரங்கள். விடை தெரிந்த கணக்கு என்பதால் வைத்துப் பார்க்கலாம். தமிழில் எல்லை வைக்காமல் தேடினால் ஆதியாகமம் 38-உம் வந்து நிற்கும்: யூதாவின் குமாரன் பெயரும் சேலா. 2 இராஜாக்கள் 14-இல் சேலா என்ற ஊரும் உண்டு. எல்லையைச் சங்கீதம், ஆபகூக் என்று சுருக்கினால் இவை போய்விடும்.

தமிழ்ச் சொல்லைத் தேடும்போது

ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட தேடல் பெட்டியில் தமிழ் போட்டால் எண்ணிக்கை குறைவதற்கு முதல் காரணம் புள்ளி. "கர்த்தர்" என்று தட்டித் தேடினால் "கர்த்தரை", "கர்த்தருடைய", "கர்த்தருக்கு" எதுவும் வராது. கணினிக்கு "ர்" என்பது ர என்ற குறியும் புள்ளி என்ற குறியும். "ரை" என்பது ர என்ற குறியும் ஐகாரக் குறியும். புள்ளியோடு தேடினால் அந்தப் புள்ளி இருந்தே ஆக வேண்டும். எனவே கடைசிப் புள்ளியை நீக்கிவிட்டு "கர்த்தர" என்று தேட வேண்டும். முழுச் சொல்லையும் அடித்துவிட்டு ஒருமுறை பேக்ஸ்பேஸ் தட்டினால் பல விசைப்பலகைகளில் புள்ளி மட்டும் அழியும். இப்போது வேற்றுமை உருபு எது வந்தாலும் பிடிபடும். "முழுச் சொல் மட்டும்" என்ற தேர்வு நீக்கப்பட்டிருக்க வேண்டும். அது இருந்தால் ஒன்றுமே வராது.

இதே வழியில் "தேவன" என்று தேடலாம். ஒரு எழுத்தைக் குறைத்து "தேவ" என்று தேடினால் "தேவை" வந்துவிடும், "தேவதாரு" வந்துவிடும். எவ்வளவு வெட்டுவது என்பதைச் சொல்லுக்குச் சொல் யோசிக்கத்தான் வேண்டும். மகர ஈற்றுச் சொற்கள் அத்து பெறும்: மரம், மரத்தை, மரத்தின். "மர" என்று வெட்டினால் "மரணம்" உள்ளே வரும். "மரம" ஒருமுறை, "மரத்" ஒருமுறை, "மரங்கள்" என்பதற்காக "மரங்" ஒருமுறை என்று மூன்று தேடல்களாகப் போட்டு, அதிகாரப் பட்டியல்களைச் சேர்த்து இரட்டிப்பை நீக்குவதே வழி. வீடு, ஆடு, ஆறு போன்றவை வீட்டை, ஆட்டை, ஆற்றை என்று இரட்டிக்கும். இவற்றுக்கும் இரண்டு வேர்கள் வேண்டும்.

மிகவும் ஆபத்தானது சொல்லின் முன்பக்கம். "விசுவாச" என்று தேடினால் "அவிசுவாசம்" என்பதும் சேர்ந்து வரும். மாற்கு 9:24-இல் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்ற ஒரே வசனத்தில் இரண்டும் இருக்கின்றன. அங்கே அதிகாரக் கணக்கு கெடாது. ஆனால் அவிசுவாசம் மட்டுமே வரும் அதிகாரம் இருந்தால் விசுவாசத்தைப் பற்றிய பட்டியலில் அதற்கு நேர் எதிரானது போய் உட்கார்ந்துவிடும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஏற்கும் செயலியில் `(^|[^அ])விசுவாச` என்று கொடுத்தால் முன்னால் அகரம் வரும் இடங்கள் கழியும். பெயர்ச்சொல் மட்டும் போதும், "விசுவாசிக்கிற" என்ற வினை வேண்டாம் என்றால் கடைசியில் `விசுவாச(ம|த்)` என்று கட்டுங்கள். இதைத் தீர்மானிக்காமல் எண்ணியவர் எடுத்த எண்ணை இன்னொருவரின் எண்ணோடு ஒப்பிடவே முடியாது.

எழுத்துக் குறியாக்கச் சிக்கல்களையும் சொல்லியாக வேண்டும். "கொ" என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே, தேடலில் வேறு. "கௌ" என்பதற்குக் கொம்பும் ளகரமும் போட்டு "கெள" என்று அடித்த மாட்யூல்களும் உண்டு. இன்னும் சில செயலிகளின் தேடல் அட்டவணை உயிர்க்குறிகளை எழுத்தாகவே கருதாமல் சொல்லை நடுவில் வெட்டிவிடும். உங்கள் செயலி எந்த வகை என்று அறிய, உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த வசனத்திலிருந்து ஒகரம் வரும் சொல்லொன்றை எடுத்துத் தேடுங்கள். அந்த வசனம் முடிவில் வரவில்லை என்றால் அந்தச் செயலியின் எந்த எண்ணையும் எழுதிவைக்காதீர்கள்.

இரண்டு சொற்கள், இல்லாத சொற்கள்

விசுவாசம், நம்பிக்கை, அன்பு மூன்றும் சேர்ந்து வரும் அதிகாரங்கள் எத்தனை? வழக்கமான தேடல் மூன்றும் ஒரே வசனத்தில் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளும். 1 கொரிந்தியர் 13:13 அப்படி வரும். 1 தெசலோனிக்கேயர் 1:3-உம் வர வேண்டும். ஆனால் அங்கே "விசுவாசத்தின்", "அன்பின்", "நம்பிக்கையின்" என்று இருப்பதால் முழுச்சொல் தேடலில் தப்பிவிடும். வேர்களைக் கொடுத்தாலும் வசன எல்லை இருக்கும்வரை, ஓர் அதிகாரத்தில் மூன்று வெவ்வேறு வசனங்களில் வருபவை சிக்காது. அக்கார்டன்ஸ் போன்ற மென்பொருள்களில் தேடலின் எல்லையை வசனத்திலிருந்து அதிகாரத்துக்கு மாற்றும் தேர்வு உண்டு. அந்த வசதி இல்லாவிட்டால் மூன்று தனித் தேடல்கள், மூன்று அதிகாரப் பட்டியல்கள், மூன்றிலும் பொதுவானவை.

ஒரு சொல் வராத அதிகாரங்களை எண்ணுவது இன்னும் நுட்பமானது. "தேவன" இல்லாதவை என்று விலக்குத் தேடல் போட்டால் மென்பொருள் அந்தச் சொல் இல்லாத வசனங்களைத் தரும். ஆதியாகமம் 1:13 "சாயங்காலமும் விடியற்காலமுமாகி மூன்றாம் நாள் ஆயிற்று". அதில் அந்தச் சொல் இல்லை. உடனே ஆதியாகமம் 1 பட்டியலில் ஏறிவிடும், தேவன் திரும்பத் திரும்பப் பேசும் அதிகாரம்! விலக்குத் தேடலை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. சொல் வரும் அதிகாரங்களின் பட்டியலை முதலில் எடுத்து, முதல் வசன வழியில் கிடைத்த முழுப் பட்டியலிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். இதற்கும் சோதனைப் புத்தகம் இருக்கிறது: எபிரெய எஸ்தரில் தேவனுடைய பெயர் எங்கும் இல்லை, பத்து அதிகாரங்களும் கழித்த பட்டியலில் மிஞ்ச வேண்டும். கிரேக்கச் சேர்க்கைகள் உள்ள பதிப்பில் எஸ்தர் அப்படி வராது, அந்தச் சேர்க்கைகளில் தேவன் பேசப்படுகிறார்.

எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளாமல் அதிகாரப் பட்டியலையே சேமித்துவைப்பவர்களுக்கு ஒரு வசதி: இரண்டு பதிப்புகளின் பட்டியல்களை அருகருகே வைத்து எங்கே பிரிகின்றன என்று பார்க்கலாம். எபிரெயத்தோடு ஒப்பிடும்போது முதலில் பகுப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஆவி ஊற்றப்படும் என்ற வாக்குத்தத்தம் தமிழில் யோவேல் 2:28 முதல் 32 வரை. எபிரெயத்தில் அதே வசனங்கள் 3:1 முதல் 5 வரை. தமிழில் மல்கியா 4-இன் ஆறு வசனங்கள் எபிரெயத்தில் 3:19 முதல் 24 வரை. சரிசெய்யாமல் ஒப்பிட்டால் இந்த இரண்டு புத்தகங்களிலும் ஒரே வசனம் இரண்டு வெவ்வேறு அதிகாரங்களாகப் பதிவாகும்.